வசனம் இல்லாத கடிதங்கள்

தபால் நிலையக் கவுண்டரில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். திரும்பி வரும் கடிதங்களைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. முகவரி தப்பு, ஆள் மாறிவிட்டார், வாங்க மறுத்தார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை உண்டு. பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மேசைமேல் பையைக் கவிழ்த்தபோது கொத்தாக விழுந்த ஐம்பத்தாறு கடிதங்களைக் கண்டதும் என் கை அப்படியே நின்றுவிட்டது. ஐம்பத்தாறும் எங்கள் சபையார் எழுதியவை. அதில் ஒன்று என்னுடையது.

எல்லாம் ஒரே ஆளுக்குப் போன கடிதங்கள். வெளிநாட்டில், பெண்கள் சிறையில் இருந்த ஒரு மருத்துவச்சிக்கு. அவர் நாட்டில் அரசாங்கம் ஒத்துக்கொண்ட மதம் ஒன்றே ஒன்றுதான். மற்றவர்கள் மனசுக்குள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். நாலு பேர் கூடிவிட்டால் குற்றம். இந்த அம்மா தன் வீட்டு முன்னறையில் பதினோரு பேரைக் கூட்டி வைத்து ஜெபம் செய்திருக்கிறார். ஏழு வருடம் போட்டுவிட்டார்கள். அவருடைய படத்தை எங்கள் சர்ச் வாசலில், குடை வைக்கும் இடத்துக்கு மேலே மாட்டியிருந்தோம். வட்ட முகம், சிரிக்கப் போகிற மாதிரி வாய். ஒவ்வொரு ஞாயிறும் அவருக்காக ஜெபித்தோம். பிறகு, கடிதம் எழுதலாம் என்று தெரிந்ததும் எல்லோரும் வரிந்துகட்டிக்கொண்டு எழுதினோம்.

திரும்பி வந்த கடிதக் கட்டை அன்று சாயங்காலமே பாஸ்டரிடம் கொண்டுபோனேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். உறைகள் எல்லாமே பிரிக்கப்பட்டிருந்தன. உள்ளே, வேதவசனம் இருந்த வரிகளுக்கு அடியில் யாரோ சிவப்புப் பேனாவால் ஒழுங்காகக் கோடு போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தப்புத் திருத்துகிற மாதிரி.

"அப்ப வசனம் இருந்தா உள்ள விடமாட்டாங்க" என்றார் பாஸ்டர். "சரி. வசனம் இல்லாம எழுதுவோம்."

ஞாயிற்றுக்கிழமை அதையே அறிவித்தார். வசனம் வேண்டாம், ஜெபம் வேண்டாம், கடவுள் பேரே வேண்டாம். மனுஷனுக்கு மனுஷன் எழுதுகிற மாதிரி எழுதுங்கள் என்றார். சபை முழுக்க ஒரே முழிப்பு. எங்களுக்கெல்லாம் துக்க வீட்டுக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சொல்வதற்கு வசனம் தயாராக இருக்கும். அது இல்லையென்றால் வாயே திறக்காது. முன்னால் மேசையில் வைத்திருந்த காகிதங்களை ஒருவரும் தொடவில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தர் மட்டும் எழுந்து போய் ஒரு தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அது என் அத்தான். அக்காவின் கணவர்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். கடைசி பெஞ்ச் அவருக்கு எழுதி வைத்த இடம். பக்தி குறைவு என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஊரில் எங்கே யார் லிஃப்டில் மாட்டிக்கொண்டாலும் போன் அவருக்குத்தான் வரும். பிரசங்கத்தின் நடுவில் எழுந்து போகிறவர் முன்னால் உட்கார முடியுமா? சபையில் அவர் குரலைக் கேட்டவர்கள் குறைவு. ஜெபம் செய்யச் சொன்னால் "ஆண்டவரே, நன்றி" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். "நீங்களா எழுதப் போறீங்க? கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. எனக்கு ஒரு வரி எழுதியிருப்பீங்களா?"

"உன்னை ஜெயில்ல போடலையே" என்றார் அத்தான்.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசியே போட வேண்டாம். ஒரு பார்வையிலேயே நோயாளியைப் படுக்க வைத்துவிடுவாள். அந்தப் பார்வையை அவர்மேல் ஒரு முறை ஓட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

அத்தான் அன்று மத்தியானம் எழுதிய கடிதத்தை நான்தான் முதலில் படித்தேன். அதை அப்படியே தருகிறேன்:

"வணக்கம் அம்மா. நான் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். இந்த வியாழக்கிழமை ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இரண்டு பேர். ஒருத்தர் மூன்றாம் மாடி, இன்னொருத்தர் ஆறாம் மாடி. ஒரு தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். நான் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. கதவைத் திறந்தேன். இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். பிறகு ஒன்றாகப் படியேறி ஆறாம் மாடிக்குப் போய் ஒன்றாகத் தேநீர் குடித்தார்களாம். என்னைக் கூப்பிடவில்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?"

அவ்வளவுதான். ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. "இது போதுமா அத்தான்?" என்று கேட்டேன்.

"வேற என்ன எனக்குத் தெரியும்?" என்றார்.

இனி அதை அந்த நாட்டு மொழியில் எழுத வேண்டும். வேறு மொழியில் இருந்தால் வருடக்கணக்கில் கிடப்பில் போட்டுவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் தபால் நிலையத்துக்கு எதிரே ஒரு சலவைக்கடை இருக்கிறது. அதை நடத்துகிற பெண் அந்த நாட்டிலிருந்து வந்தவள். தினமும் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். அவள் மதம் வேறு, அந்த நாட்டு அரசாங்கம் ஒத்துக்கொண்ட மதம்தான். கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாவது நாள் ஒரு போர்வையைச் சலவைக்குப் போடுகிற சாக்கில் போய் விஷயத்தைச் சொன்னேன்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஷட்டரைப் பாதிக்கு இறக்கினாள்.

"நான் உங்க மதம் இல்ல. தெரியும்ல?"

"தெரியும்."

"எங்க கடவுளைக் காப்பாத்தத்தான் அந்த அம்மாவை உள்ள வச்சிருக்காங்களாம். அப்படித்தான் சொல்றாங்க." நாக்கில் நூல் ஒட்டிக்கொண்ட மாதிரி முகத்தைச் சுளித்தாள். "ஒரு மருத்துவச்சியைப் பூட்டி வச்சாத்தான் அவர் பிழைப்பார்னா, அவரை நான் எதுக்குக் கும்பிடணும்? நான் கும்பிடுறவருக்குக் காவல் தேவையில்ல. கொடு அந்தக் காகிதத்தை."

நின்றுகொண்டே படித்தாள். பாதியில் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறாள்.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். மொழிபெயர்த்துத் தருவாள், அனுப்புகிற கடிதத்தில் அவள் கையெழுத்து இருக்கக் கூடாது. அவளுடைய அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். "அம்மா வீட்டுக் கதவை யாரும் தட்டக் கூடாது" என்றாள்.

ஆகவே அவள் எழுதித் தந்ததைப் பார்த்து அத்தான் தன் கையால் நகல் எடுத்தார். ஓர் எழுத்தும் அவருக்குத் தெரியாது. வலமா இடமா, எங்கே தொடங்குவது என்பதுகூடத் தெரியாது. ஆனால் லிஃப்டின் வயரிங் படங்களை வருடக்கணக்காக வரைந்து பழகிய கை. சாப்பாட்டு மேசையில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் ஒரு சுவிட்ச் மாதிரி, வளைவு வளைவாக, புள்ளி புள்ளியாக வரைந்தார். ஒரு பக்கத்துக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழுக்கப் போனது. வரைந்த தாளைச் சலவைக்கடையில் காட்டி மூலத்தைக் கிழித்துப்போட வேண்டும் என்று பேச்சு. காட்டவெல்லாம் அவருக்கு நேரம் கிடைத்ததில்லை. கிழித்துப்போடுவது மட்டும் ஒழுங்காக நடந்தது. இதன் விளைவைப் பிறகு சொல்கிறேன்.

கடிதத்தை என் கவுண்டரில் நானே எடை போட்டு, நானே முத்திரை குத்தி அனுப்பினேன். அதன்பின் ஒவ்வொரு நாளும் திரும்பி வந்த பையை முதல் வேலையாகப் பிரித்தேன். ஒரு மாதம் ஆயிற்று. இரண்டு மாதம் ஆயிற்று. வரவில்லை. பதிலும் வரவில்லை, கடிதமும் திரும்பவில்லை.

"உள்ள போயிடுச்சு" என்றார் அத்தான். மேசையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

அப்படி இரண்டு வருடத்தில் முப்பத்துநாலு கடிதங்கள். லிஃப்டில் பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற அப்பா. எல்லா மாடிப் பொத்தானையும் சேர்த்து அழுத்திவிட்டு ஓடிவிடுகிற வாத்தியார். லிஃப்டுக்கு வரவே பயந்து பன்னிரண்டு மாடி நடந்தே ஏறி இறங்கி ஐம்பது வயதில் கம்பு மாதிரி இருக்கிற வக்கீலம்மா. அத்தானே கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். முன்பெல்லாம் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். இப்போது நின்று, "உள்ள இருந்தப்ப என்ன சார் நினைச்சீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். கேட்டதை மேசைக்குக் கொண்டுவந்தார். வீட்டில் பேச்சு கூடிவிட்டது. அக்கா சில நாள் வேலை முடிந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு யாரு மாட்டினா?" என்று கேட்பாள்.

ஒரு நாள் என் கவுண்டருக்கு அத்தான் ஓர் உறையை நீட்டினார். முகவரி எங்கள் வீடு. பெயர் அக்காவுடையது.

"அத்தான், வீடு நாலு தெரு தள்ளி இருக்கு. கையில குடுத்தா ஆகாதா?"

"ஸ்டாம்ப் ஒட்டு" என்றார். காது சிவந்திருந்தது.

மறுநாள் அது வீட்டுக்கு வந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்து வந்தாள். உள்ளே என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லாத ஒரே விஷயம் அதுதான்.

முப்பத்தைந்தாவது கடிதம் திரும்பி வந்தது.

பையில் அத்தான் வரைந்த எழுத்து. உறைமேல் நீல முத்திரை. மேலதிகாரியிடம் ஐந்து நிமிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எதிரே ஓடினேன். சலவைக்கடைக்காரி அதைப் பார்த்துவிட்டு என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"'இங்கே இல்லை'ன்னு போட்டிருக்கு."

"அப்படின்னா?"

"வேற ஜெயிலுக்கு மாத்தினாலும் இதுதான். விட்டுட்டாலும் இதுதான்." உறையை என் மடியில் வைத்தாள். "செத்துப்போனாலும் இதுதான். ஒரே முத்திரை."

அத்தானிடம் சொன்னபோது அவர் உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தச் சனிக்கிழமையும் மேசையில் உட்கார்ந்து எழுதினார். அனுப்பவில்லை. எழுதியதைத் தன் கருவிப் பெட்டியில், ஸ்பானர்களுக்கு அடியில் வைத்தார். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. சபையில் நாங்கள் அந்த அம்மாவுக்காக ஜெபித்தோம். எப்போதும் சொல்கிற வார்த்தைகள்தான். அக்கா மட்டும், "செத்திருந்தா சொல்லியிருப்பாங்க" என்று கறாராகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். யார் சொல்வார்கள் என்று கேட்க எங்கள் யாருக்கும் தைரியமில்லை.

ஏழு வாரம் கழித்து, நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்த நேரத்தில், பாஸ்டர் கவுண்டருக்கே வந்துவிட்டார். வரிசையில் எட்டுப் பேர் நிற்கிறார்கள். அவர் வரிசையைத் தாண்டி முன்னால் வந்து கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"விட்டுட்டாங்க!" என்றார். "வெளிய வந்துட்டாங்க! விமானத்துல ஏத்தி அனுப்பிட்டாங்க. அவங்க தங்கச்சி பக்கத்து ஊர்லதான் இருக்காங்களாம். ஞாயித்துக்கிழமை நம்ம சர்ச்சுக்கு வர்றாங்க!"

வரிசையில் நின்ற ஒரு பெரியவர், யாரென்றே தெரியாமல், "நல்லது, நல்லது" என்று பாஸ்டரின் முதுகில் தட்டினார். நான் அழுதுகொண்டே அடுத்தவருக்குப் பதிவுத் தபால் ரசீது போட்டேன். அதில் ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதி மறுபடி போட வேண்டியதாயிற்று.

ஞாயிறு காலை சர்ச்சில் உட்கார இடமில்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் தலைகாட்டுகிறவர்களெல்லாம் வந்திருந்தார்கள். சலவைக்கடைக்காரியையும் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தோம், பேச்சை மொழிபெயர்க்க. "உங்க பாட்டுக்கெல்லாம் நான் எழுந்திருக்க மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு முதல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த அம்மா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். படத்தில் இருந்த வட்ட முகம் இல்லை, வற்றியிருந்தது. தலைமுடி ஒட்ட வெட்டி, முழுவதும் வெள்ளை. ஆனால் அந்த வாய் அதே வாய். கைகள் இரண்டும் ஆளுக்குப் பொருந்தாமல் பெரிசாக இருந்தன. எத்தனை குழந்தைகளைப் பிடித்து வெளியே எடுத்த கைகளோ.

பாஸ்டர் வரவேற்புரை தயாரித்து வைத்திருந்தார், மூன்று பக்கம். முதல் பக்கத்தில் நாலாவது வரியில் அந்த அம்மா கையைத் தூக்கினார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. ஏதோ கேட்டார். சலவைக்கடைக்காரி எழுந்து நின்று, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"இதுல லிஃப்ட்காரர் யாருன்னு கேக்கிறாங்க."

எல்லாத் தலையும் கடைசி பெஞ்சுக்குத் திரும்பியது. அத்தான் இல்லை. அவர் உட்காரும் இடத்தில் அக்காவின் கைப்பை மட்டும் இருந்தது.

"இப்பத்தான் போன் வந்துச்சு" என்றாள் அக்கா. அவள் இவ்வளவு கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை. "ரெண்டு தெரு தள்ளி ஒரு கட்டடம். யாரோ மாட்டிக்கிட்டாங்களாம். போகாதீங்கன்னு சொன்னேன். 'உள்ள ஒரு ஆள் இருக்காரே'ன்னுட்டுப் போயிட்டாரு."

அதைச் சலவைக்கடைக்காரி சொன்னதும் அந்த அம்மா தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார். ஆளுக்குச் சம்பந்தமில்லாத பெரிய சிரிப்பு. சர்ச் முழுக்க உருண்டது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

"எங்க போறாங்க?" என்றார் பாஸ்டர்.

"அவரு வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதாம். ரெண்டு தெருதானேன்னு கேக்கிறாங்க."

பாஸ்டர் கையிலிருந்த மூன்று பக்கத்தைப் பார்த்தார். மடித்துப் பைக்குள் வைத்தார். "ஆராதனை அங்க போய் நடக்கும்" என்றார்.

சபை முழுக்க எழுந்து தெருவில் இறங்கியது. ஏறக்குறைய நூறு பேர், ஞாயிற்றுக்கிழமைத் துணிமணியோடு. அந்த அம்மா முன்னால். ஒரு பக்கம் தங்கை, இன்னொரு பக்கம் சலவைக்கடைக்காரி. யாரோ பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள். பால்கனிகளில் தலைகள் முளைத்தன. சைக்கிளில் போன ஒருத்தர் இறங்கி ஓரமாக நின்று தொப்பியைக் கழற்றினார். சவ ஊர்வலம் என்று நினைத்துவிட்டார் போல. பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துக் குழம்பிப்போய் மறுபடி போட்டுக்கொண்டார்.

அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நாங்கள் பாதிப் பேர்தான் அடங்கினோம். மீதிப் பேர் படியிலும் வாசலிலும். லிஃப்ட் கீழ்த்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல், "யாராவது இருக்கீங்களா?" என்றது.

"இருக்கோம்!" என்று நூறு பேர் சொன்னோம். உள்ளே சத்தம் நின்றுவிட்டது.

மேலே மெஷின் ரூமில் அத்தான் மெயினை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். லிஃப்ட் அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கியது. அந்த அம்மா கதவிடுக்கில் தெரிந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாடிப்படியில் தடதடவென்று காலடி. அத்தான் கையில் சாவியோடு, நெற்றி வேர்வையோடு இறங்கி வந்து திருப்பத்தில் நின்றுவிட்டார். கீழே பாஸ்டர், பாடகர் குழு, மொத்த சபை.

"என்னாச்சு?" என்றார். "சர்ச் தீப்பிடிச்சிருச்சா?"

சிரித்தோம். அவர் நிலைமை புரியாமல், "இருங்க, முதல்ல இவரை எடுத்துடுறேன்" என்று கூட்டத்தை விலக்கிக் கதவைச் சாவியால் திறந்தார்.

உள்ளே, அரைக்கால் சட்டையும் கிழிந்த பனியனும் போட்ட ஒருத்தர், கையில் குப்பைப்பையோடு நின்றிருந்தார். குப்பை கொட்டக் கிளம்பியவர். எதிரே நூறு பேர். நாங்கள் கைதட்டினோம். அவர் ஒரு கணம் எங்களைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிறகு என்ன நினைத்தாரோ, லேசாகக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுக் குப்பை கொட்டப் போனார்.

அத்தான் திரும்பினார். அந்த அம்மா எதிரே நின்றார். யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தான் சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "கிரீஸ்" என்றார். அந்த அம்மா அவர் கைகளைப் பிடித்து இழுத்துத் தன் பெரிய கைகளுக்குள் வைத்துக்கொண்டார். விடவே இல்லை. நாங்கள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்தோம். அவர் பேசினார், சலவைக்கடைக்காரி சொன்னாள்.

முதல் கடிதம் வந்தபோது அதிகாரி அதை மூன்று முறை படித்துவிட்டுக் கூப்பிட்டாராம். "யார் இந்த ஆள்?" தெரியாதவர் என்றால் கடிதம் கைக்கு வராதே, "என் அண்ணன்" என்று புளுகினாராம். "உன் அண்ணனுக்கு நம்ம மொழியில ஒழுங்கா எழுத வராதா?" "சின்ன வயசிலேர்ந்தே மக்கு" என்று சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டு அக்கா தலையை ஆட்டி ஆமோதித்தாள்.

அவருடைய அறையில் இருபத்தாறு பெண்கள். காவல்காரப் பெண் ஒருத்தி கடிதத்தை எடுத்து வந்து எல்லோருக்கும் சத்தமாகப் படிப்பாளாம். அவளுக்குக் கதை கேட்கும் ஆசை. கடிதம் தாமதமானால் அவளே அலுவலகத்தில் போய்ச் சண்டை போடுவாளாம். அந்த இருபத்தாறு பேரில் லிஃப்டில் ஏறியவர்கள் ஐந்தே பேர். ஆனால் எல்லோரும் காலையில் எழுந்ததும் ஒருவரையொருவர், "இன்னிக்கு எத்தனாவது மாடி?" என்று கேட்டுக்கொள்வார்களாம். மனம் நன்றாக இருந்தால் ஆறு, ஏழு. அழுகிற நாளில், "ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிறேன்." உடனே மற்றவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "ஆள் வர்றாரு, வந்துக்கிட்டே இருக்காரு" என்பார்களாம்.

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் ஒரு கடிதம்..." என்று சொல்ல வந்த சலவைக்கடைக்காரி நிறுத்தினாள். அந்த அம்மாவிடம் ஏதோ திருப்பிக் கேட்டாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் உலுக்கிய பிறகுதான் பேச்சு வந்தது.

அவர்கள் மொழியில் லிஃப்ட் தொங்குகிற கம்பிக்கயிறான 'ரோப்' என்ற சொல்லுக்கும் 'மாமியார்' என்ற சொல்லுக்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம். அத்தான் அந்தப் புள்ளியைக் கீழே வைப்பதற்குப் பதில் மேலே வைத்துவிட்டார். ஆகவே அந்தக் கடிதம் இப்படிப் போயிருக்கிறது: "நேற்று மாமியார் அறுந்துவிட்டாள். பழைய மாமியாரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது மாமியாரை மாட்டினேன். எண்ணெய் போட்டபின் சத்தமே இல்லாமல் ஏறி இறங்குகிறாள்."

அதிகாரிகள் இது ரகசியச் சங்கேதம் என்று முடிவுகட்டி, மூன்று நாள் அந்த அம்மாவை உட்கார வைத்து விசாரித்திருக்கிறார்கள். மாமியார் யார்? எந்தக் கூட்டத்தின் தலைவி? அறுந்தது என்றால் என்ன?

கட்டடம் அதிரச் சிரித்துக்கொண்டிருந்தோம். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"மூணு நாளா?" என்றார். "என்னாலயா? அடிச்சாங்களா?"

அந்த அம்மா அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். பதில் கொஞ்சம் நிதானமாக வந்தது.

"முதல் நாள் கத்தினாங்களாம். அடிக்கல. அந்த அறையில ஜன்னல் இருந்துச்சாம், நாற்காலி இருந்துச்சாம். மூணு நாளும் முகத்துல வெயில் பட்டுச்சாம். நாலு வருஷத்துல அதுதான் முதல் தடவையாம். மூணாவது நாள் அதிகாரி அந்தக் காகிதத்தை மறுபடி படிச்சாராம். படிச்சிட்டே இருந்தவரு திடீர்னு மேசையில தலையை வச்சுச் சிரிச்சாராம். 'அந்தப் புது மாமியார் எந்தக் கடையில கிடைக்கும்னு உன் அண்ணனைத்தான் கேக்கணும்'ன்னாராம்."

இப்போது அத்தானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டார்.

பாஸ்டருக்கு ஒரு மனக்குறை இருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டார். "நாங்க உங்களுக்காக ஜெபம் பண்ணினோம். அதை எழுத விடல. உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

அந்த அம்மா அவரை வேடிக்கையாகப் பார்த்தார்.

"பின்ன? முன்னப்பின்ன தெரியாத ஒருத்திக்கு ரெண்டு வருஷம் லிஃப்டைப் பத்தி எழுதுறவங்க வேற யாரு இருப்பாங்கன்னு கேக்கிறாங்க."

அதன்பின் அவர் எழுந்து நின்று, இன்னும் உள்ளே இருக்கிற மூன்று பெண்களின் பெயர்களைச் சொன்னார். ஒவ்வொன்றாக, நாங்கள் திருப்பிச் சொல்லும்வரை. இருவர் எங்களைப் போலக் கூடி ஜெபித்தவர்கள். மூன்றாவது பெண் எங்கள் மதமும் இல்லை, அந்த நாட்டு மதமும் இல்லை. வேறொரு சின்னக் கூட்டம். "அவளுக்கும் எழுதணும். அவளுக்குத்தான் யாருமே இல்ல" என்றார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மேசைகளைப் போட்டோம். சபை முழுக்க எழுதியது. அக்கா தன் வார்டைப் பற்றி, குறட்டை விடுகிற ஒரு டாக்டரைப் பற்றி எழுதினாள். நான் முகவரியே இல்லாமல் "என் மாமா, பச்சைக் கதவு வீடு" என்று வந்த ஓர் உறையைப் பற்றி எழுதினேன். அதை நாங்கள் சரியான வீட்டில் சேர்த்தும்விட்டோம். பாஸ்டரின் கடிதத்தை வாங்கிப் பார்த்த அத்தான், "ஐயா, இது பிரசங்கம்" என்று பத்து வரியை அடித்துவிட்டார். மிஞ்சியது, பாஸ்டர் சமையல் செய்யப் போய்ப் பானை கருகிய கதை. அது நன்றாகவே இருந்தது. நகல்களைப் புள்ளி புள்ளியாகச் சரிபார்க்கும் வேலையை மருத்துவச்சி எடுத்துக்கொண்டார். மொழிபெயர்க்க அவரும் சலவைக்கடைக்காரியும் ஒரே மேசை. ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம் சண்டை பிடிப்பார்கள். சலவைக்கடைக்காரி இன்றும் ஒரு கடிதத்தில்கூடத் தன் கையெழுத்தை வைக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மருத்துவச்சி இனித் தன் நாட்டுக்குப் போக முடியாது. திரும்பி வரமாட்டேன் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். சில நாள் அதை நினைத்து முகம் சுருங்கிப்போவார். இப்போது அக்காவின் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் உதவியாளராக இருக்கிறார். இங்கே மருத்துவச்சியாக வேலை பார்க்கப் பரீட்சை எழுத வேண்டும். எங்கள் மொழியை விழுந்து விழுந்து படிக்கிறார்.

போன வாரம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அவரைப் பார்த்தேன். சலவைக்கடைக்காரி போய் வழிபடுகிற இடத்தின் வாசலில், மதில்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். மடியில் இரண்டு காய்கறிப் பைகள். ஒன்று அவருடையது, ஒன்று அவளுடையது. உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் வந்தது.

"இங்க என்னம்மா பண்றீங்க?" என்றேன்.

"அவ உள்ள" என்றார், புதிதாகக் கற்ற எங்கள் மொழியில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. "அவ சாமிகூடப் பேசுறா. நான் பை பாத்துக்கிறேன். ஞாயிறு அவ என் பை பாத்துக்குவா."

சற்று நகர்ந்து இடம் கொடுத்தார். நானும் மதில்மேல் ஏறி உட்கார்ந்தேன். அவர் பைக்குள் கைவிட்டு ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரித்து, பாதியை என் கையில் வைத்தார்.